பானை பெண்களுடையது, கல்லா நகராட்சியுடையது

கள் இறக்க அனுமதி கொடு என்கிறது ஒரு தரப்பு. கடைகளை இழுத்து மூடு என்கிறது இன்னொரு தரப்பு. நாம் எந்தப் பக்கம்? எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் மாணவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. விவாதம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் போய் முட்டி நிற்கும். கள் உணவு, அது இந்த மண்ணின் பானம் என்று ஒருவர் சொல்வார். எங்க அப்பா எதனால செத்தாருன்னு தெரியுமா என்று இன்னொருவர் கேட்பார். அதற்குமேல் யாரும் பேசுவதில்லை.

சென்னையின் விளிம்பில் ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் நாங்கள் வேலை செய்கிறோம். அங்கே தூய்மைப் பணிக்குப் போகும் ஓர் அக்காவிடம் இதே கேள்வியைக் கேட்டோம். மதுவை ஒழிக்கச் சொல்வார் என்று நினைத்துத்தான் கேட்டோம். அவர் சிரித்தார். "கடைய மூடுனா என்னா கண்ணு, ரெண்டு ஸ்டாப் தள்ளிப் போய் குடிச்சிட்டு வருவான். தொறந்தாலும் மூடுனாலும் நம்ம காசு போற எடம் ஒண்ணுதானே."

காசு போகிற இடம். சமூகவியலில் முதுகலை முடித்த எங்களுக்கு இது ஏன் முதலில் தோன்றவில்லை என்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. வகுப்பில் ஒருமுறை மேலோட்டமாகக் கடந்துபோன ஒரு நகரத்தின் கதையை அந்தப் பேச்சுக்குப் பிறகு எடுத்து முழுதாகப் படித்தோம். தென்னாப்பிரிக்காவின் டர்பன்.

பாடப்புத்தகம் நமக்குக் காட்டிய டர்பன் காந்தியின் டர்பன். 1860 முதல் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலில் ஏற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் போய் இறங்கிய துறைமுகமும் அதுதான். அவர்களில் நம் சனங்களும் இருந்தார்கள். ஆனால் இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது அல்ல. அந்த நகரத்தின் கறுப்பினப் பெண்கள் காய்ச்சிய சோளப் பீரைப் பற்றியது.

ஜூலு மொழியில் அதற்கு உட்ஷ்வாலா என்று பெயர். சோளத்தை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து இடிக்க வேண்டும். மாவைக் கூழ்போலக் காய்ச்சிப் புளிக்கவிட்டு, முளைத்த சோள மாவைச் சேர்த்து மறுபடியும் நுரைக்கவிட வேண்டும். பிறகு புல்லில் பின்னிய வடிகட்டியில் பிழிந்து எடுப்பார்கள். கெட்டியாக, கலங்கலாக, புளிப்பாக இருக்கும். போதை குறைவு, வயிறு நிறையும். கேழ்வரகை முளைகட்டத் தெரிந்த, கூழைப் புளிக்கவைக்கத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் பாதி வேலை முன்பே தெரிந்ததுதான். முழுதாகச் செய்து முடிக்கப் பல நாள் பிடிக்கும். செய்தபின் சில நாள்களில் கெட்டுப்போகும். அதனால் அது இயல்பாகவே சின்னத் தொழில். ஒரு வீடு, ஒரு பானை, பக்கத்துத் தெரு வரைக்கும் வியாபாரம். முன்னோருக்குப் படைப்பதும் அதைத்தான். காய்ச்சுவது பெண்களின் வேலை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டர்பன் வேகமாக வளர்ந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கவும், ரிக்‌ஷா இழுக்கவும், வெள்ளையர் வீடுகளில் சமைக்கவும் துவைக்கவும் கிராமங்களிலிருந்து கறுப்பின ஆண்கள் வந்தார்கள். ஆம், அந்த ஊரில் அப்போது வீட்டு வேலையும் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் கிடைத்தது. பின்னால் வந்த பெண்களுக்கு நகரம் எந்த வேலையும் வைத்திருக்கவில்லை. அவர்களிடம் இருந்தது ஒரு பானையும் ஒரு கைப்பக்குவமும். அந்த வருமானத்தில்தான் வாடகை கொடுத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

1908இல் நாட்டால் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. நகர எல்லைக்குள் சோளப் பீரைக் காய்ச்சவும் விற்கவும் நகராட்சிக்கு மட்டுமே உரிமை உண்டு என்று அறிவித்துக்கொள்ள அந்தச் சட்டம் வழி திறந்தது. 1909 தொடக்கத்திலேயே டர்பன் அதைச் செயல்படுத்திவிட்டது. பெண்கள் காய்ச்சினால் குற்றம். அதே சோளத்தை, அதே முறையில், நகராட்சி தன் ஆலையில் காய்ச்சித் தன் பீர் ஹாலில் விற்றால் அது நிர்வாகம்.

குடியைக் குறைக்க என்றுதான் சொன்னார்கள். குறைக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவர் எதற்குப் புதிதாக ஹால் கட்டுகிறார்?

இனிச் சொல்லப்போவதுதான் விஷயத்தின் மையம். பீரில் வந்த லாபம் ஒரு தனிக் கணக்குக்குப் போனது. கறுப்பினத் தொழிலாளர்களை அடைத்துவைக்கும் விடுதிகளும் கொட்டடிகளும் அந்தப் பணத்தில்தான் எழுந்தன. 1916இல் டர்பன் நகராட்சி "பூர்வகுடி விவகாரத் துறை" என்று ஒன்றை அமைத்தது. யார் நகரத்துக்குள் இருக்கலாம், யார் வெளியேற வேண்டும், யாருடைய அனுமதிச் சீட்டு செல்லும் என்று பார்ப்பதுதான் அதன் வேலை. அதை நடத்தியதும் பீர்ப் பணம்தான். வெள்ளைக்கார வரிசெலுத்துபவர் தன் பையிலிருந்து எடுக்க வேண்டியது எதுவும் இல்லை. அடக்குகிறவருக்கான சம்பளத்தை அடக்கப்படுகிறவரே, சாயங்காலம் களைத்துப்போய், ஒரு குவளைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த ஏற்பாடு மற்ற நகராட்சிகளுக்கு மிகவும் பிடித்துப்போனது. வரலாற்றில் இதற்கு "டர்பன் முறை" என்றே பெயர். 1923இல் வந்த நகர்ப்புறப் பகுதிச் சட்டம் இதை நாடு முழுவதும் கொண்டுபோக வழிசெய்தது. அந்தத் துறை இயங்கிய கட்டிடம் இன்று குவாமுஹ்லே அருங்காட்சியகமாக இருக்கிறது. அனுமதிச் சீட்டுக்காக மக்கள் வரிசையில் நின்ற இடத்தில் இப்போது பள்ளிப் பிள்ளைகள் டர்பன் முறையைப் பற்றிப் பார்த்துப் படிக்கிறார்கள்.

பானை வைத்திருந்த பெண்கள் என்ன ஆனார்கள்? தொழிலை விடவில்லை. விட்டால் சோறு இல்லை. ஜோகன்னஸ்பர்க்கில் ரூய்யார்ட் என்ற நெரிசலான குடியிருப்பில் 1930களின் தொடக்கத்தில் எல்லன் ஹெல்மன் என்ற மானுடவியலாளர் களஆய்வு செய்தார். குடும்பங்கள் பிழைத்திருந்ததில் பெண்கள் பீர் காய்ச்சி விற்ற வருமானத்துக்கு எவ்வளவு பெரிய பங்கு என்பதை அந்த ஆய்வு விரிவாகப் பதிவுசெய்தது. ஆணின் கூலி போதவில்லை. கூலி போதாமலேயே நகரம் ஓடியது என்றால் அந்தப் பள்ளத்தை நிரப்பியது இந்தப் பெண்களின் சட்டவிரோத உழைப்பு. இதைச் சமூகவியல் மாணவர்கள் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். முதலாளி குறைத்துக் கொடுத்த கூலியைப் பெண்கள் ஈடுகட்டினார்கள். ஈடுகட்டியதற்காகவே சிறைக்கும் போனார்கள்.

போலீஸ் சோதனைக்குப் பயந்து தகர டின்களில் ஊற்றி முற்றத்து மண்ணில் புதைத்து வைத்தார்கள். பல நாள் காத்திருந்து சோளத்தை முளைகட்ட முடியாது, அதற்குள் பூட்ஸ் சத்தம் வந்துவிடும். அதனால் ஈஸ்ட்டும் சர்க்கரையும் வெந்நீரும் சேர்த்து ஒரே நாளில் பொங்கிவிடும் ஸ்கோக்கியான் போன்ற சரக்குகள் பரவின. சத்து இல்லாதவை, சில சமயம் கண்டதைக் கலந்தவை. பிறகு அதையே காட்டி, பார்த்தீர்களா இவர்கள் விஷம் காய்ச்சுகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. மென்மையான பானத்தைக் கடுமையான சாராயமாக மாற்றியதில் சட்டத்துக்குப் பாதிப் பங்கு உண்டு.

அதற்காக அந்தப் பெண்களின் வீட்டுக் கடைகளை நாங்கள் சொர்க்கமாக்கிக் காட்டவில்லை. அங்கேயும் அடி இருந்தது, கடன் இருந்தது, குடித்தே அழிந்த ஆண்கள் இருந்தார்கள். கைவினை என்ற சொல்லைப் பூசிவிட்டால் எல்லாம் புனிதமாகிவிடாது.

இனி நம் விவாதத்துக்கு நேராக வரும் பகுதி.

1929 ஜூனில் டர்பன் துறைமுகத் தொழிலாளர்கள் பீர் ஹால்களைப் புறக்கணித்தார்கள். ஏ.டபிள்யூ.ஜி. சாம்பியன் தலைமையிலான தொழிற்சங்கம் அதை முன்னெடுத்தது. சங்கக் கட்டிடத்தை வெள்ளைக் கும்பல் முற்றுகையிட்டது. மோதலில் 6 கறுப்பினத்தவரும் 2 வெள்ளையரும் இறந்தார்கள். அதே ஆண்டில் நாட்டாலின் சிறு நகரங்களில் பெண்கள் கையில் கம்போடு பீர் ஹால்களுக்குள் நுழைந்து ஆண்களை விரட்டினார்கள். ஹெலன் பிராட்ஃபோர்ட் என்ற வரலாற்றாசிரியர் இந்தப் போராட்டங்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதில் எங்களை நிறுத்தியது ஒரு விஷயம். அந்தக் கூட்டத்தில் தேவாலயத்துக்குப் போகிற, குடியை வெறுக்கிற பெண்கள் இருந்தார்கள். வீட்டில் பீர் காய்ச்சும் உரிமை வேண்டும் என்ற பெண்களும் இருந்தார்கள். நம் வாசிப்பு வட்டமாக இருந்தால் இவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து ராத்திரி முழுக்கச் சண்டை போட்டிருப்பார்கள். அங்கே இரண்டு தரப்பும் ஒரே வாசலில் போய் நின்றன. புருஷன் கூலி வீட்டுக்கு வராமல் நகராட்சிக் கல்லாவுக்குப் போகிறது என்பது இரண்டு பேருக்கும் பொதுவான கோபம்.

முப்பது ஆண்டு கழித்து மறுபடியும் ஒரு ஜூன். டர்பனின் கேட்டோ மேனர், மக்கள் உம்கும்பானே என்று அழைத்த பகுதி. இங்கே நம் கதையும் கொஞ்சம் வருகிறது. ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு, அங்கே நிலம் வாங்கித் தோட்டம் போட்டிருந்தார்கள். பின்னர் கறுப்பின மக்களுக்குக் குடிசை போட இடம் வாடகைக்கு விட்டார்கள். 1949 ஜனவரியில் டர்பனில் வெடித்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். அதில் இந்தியர்கள் பலியானதை மட்டும் சொல்லிவிட்டு, வாடகை வாங்கியவர் யார் என்பதைச் சொல்லாமல் விடுவது நம்மவர்களின் வழக்கம். அடிமைக் கப்பலில் போனவரின் பேரன் இன்னொருவருக்கு ஆண்டையாக இருக்க முடியும் என்பதை நாம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

1959இல் அந்தப் பகுதியில் டைபாய்டு பரவியது. சுகாதாரம் என்ற பெயரில் நகராட்சி ஆட்கள் வீடுவீடாகப் போய்ப் பெண்கள் காய்ச்சி வைத்திருந்ததைக் கொட்டி அழித்தார்கள். சில அடி தூரத்தில் நகராட்சியின் பீர் ஹால் மட்டும் வழக்கம்போலத் திறந்திருந்தது. பெண்கள் திரண்டு அதற்குள் புகுந்தார்கள். மறுநாள் ஏறத்தாழ இரண்டாயிரம் பெண்கள் ஹால் முன்னால் கூடினார்கள். கூலி போதவில்லை, வாடகை கட்ட முடியவில்லை, எங்கள் பானையை உடைத்துவிட்டு அதையே நீங்கள் விற்கிறீர்களே என்று அதிகாரியிடம் முறையிட்டார்கள். கலைந்து போகச் சொன்னார். பிறகு தடியடி. போராட்டம் நாட்டால் கிராமங்கள் வரை பரவியது. அடுத்த ஆண்டு ஜனவரியில் கேட்டோ மேனரில் சோதனைக்கு வந்த 9 போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். சில ஆண்டுகளில் கேட்டோ மேனரையே காலிசெய்து மக்களைக் குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினார்கள். ஊரைக் காலிசெய்து நகரத்துக்கு வெளியே தள்ளுவது என்றால் என்ன என்று எங்கள் குடியிருப்பில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

1976 ஜூன் 16, சோவெட்டோ. ஆப்ரிக்கான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்து எழுந்த மாணவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அந்த நாள்களில் அவர்கள் எதை எரித்தார்கள் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. நிர்வாக வாரியத்தின் அலுவலகங்களையும், அந்த வாரியம் நடத்திய பீர் ஹால்களையும், மதுக்கடைகளையும் எரித்தார்கள். தங்களை ஆளும் வாரியம் தங்கள் அப்பாக்களின் குடியில்தான் ஓடுகிறது என்று பள்ளிச் சீருடையில் இருந்த பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வீடுகளில் நடந்த சிறு மதுக்கடைகளையும் மூடச் சொல்லி அதே மாணவர்கள் நெருக்கினார்கள். அந்தக் கடைகளை நடத்தியவர்களில் பலர் பெண்கள். பாட்டியின் பானைக்காக ஒரு தலைமுறை அடிவாங்கியது, பேரன் அந்தக் கடையைச் சாத்தச் சொன்னான். இதில் யார் சரி என்று எங்களால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்றும் தோன்றுகிறது.

அப்புறம் என்ன ஆனது? அரசின் சோளப் பீர் ஆலைகள் 1990 வாக்கில் தனியாருக்குப் போயின. அந்தத் தொழிலைப் பின்னர் வாங்கியது நமக்குத் தெரிந்த விஜய் மல்லையாவின் குழுமம். ஜூலுப் பெண்களின் பானையிலிருந்து நகராட்சிக்கு, அங்கிருந்து அரசு வாரியங்களுக்கு, அங்கிருந்து பெங்களூரு முதலாளிக்கு! இதற்கிடையில் உலகம் முழுக்கக் கிராஃப்ட் பீர் என்று ஒரு மோகம் வந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் அபிவே நுசானி-மாவேலா என்ற கறுப்பினப் பெண் தோலோகாசி என்ற பெயரில் சோளம் சேர்த்த பீரைக் காய்ச்சிச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தென்னாப்பிரிக்காவில் மதுவடிப்பாலை நடத்தும் முதல் கறுப்பினப் பெண் என்று அவரைக் கொண்டாடினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் "முதல்" என்ற சொல் உறுத்துகிறது. உரிமம் வைத்திருக்கும் முதல் பெண் என்று சொல்லுங்கள். கொரோனாக் காலத்தில் அந்த நாட்டு அரசு நான்கு முறை மது விற்பனையைத் தடைசெய்தது. அதில் பெரிய கம்பெனிகள் தாக்குப்பிடித்தன, சிறிய ஆலைகள் பல மூடிக்கொண்டன. மறுபடியும் சின்னப் பானைதான் முதலில் உடைந்தது.

இதைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். டர்பனில் பீர்ப் பணத்துக்குத் தனிக் கணக்கு இருந்தது. இங்கே பொதுக் கஜானா, அதிலிருந்து பள்ளிக்கூடச் சாப்பாடும் வருகிறது. கள் இறக்கியதும் பெரும்பாலும் நம் சாதிகள் அல்ல. பனை ஏறிய சமூகத்தையும் ஒரு காலத்தில் தள்ளித்தான் வைத்திருந்தார்கள் என்றாலும், கள் நம் மரபு என்று பேசுகிறவர்கள் கள்ளுக்கடையில் சேரிக்காரர் எங்கே நின்று குடித்தார் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஆனாலும் சில விஷயங்கள் ஒத்துப்போகின்றன. 1987 முதல் இங்கே கள்ளுக்குத் தடை. 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். ஐந்தாறு சதவீதப் போதை உள்ளது குற்றம், 42.8 சதவீதம் உள்ளது அரசின் வியாபாரம். 2023-24இல் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் குவார்ட்டரையும் வாங்கக் காசில்லாதவர் எங்கே போகிறார் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பார்த்தோம். மெத்தனால் கலந்த சாராயத்தில் 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களில் பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மகளிர் மாநாட்டில் திரண்ட பெண்களின் கோபத்தை, இது நடுத்தர வர்க்க ஒழுக்கவாதம் என்று தள்ளிவிடும் தோழர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. கள் கேட்பவரெல்லாம் குடிகாரர் என்று சொல்லும் தோழர்களோடும் உடன்பாடு இல்லை. இரண்டு தரப்பும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் கல்லாவை யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை.

அதனால் எங்கள் வட்டத்தில் இப்போதைக்குக் கள்ளா தடையா என்ற விவாதத்தை ஓரமாக வைத்துவிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுத உட்கார்ந்திருக்கிறோம். கேள்விகள் இரண்டுதான். எங்கள் குடியிருப்பைச் சுற்றியுள்ள கடைகளில் கடந்த மூன்று ஆண்டுகளில் மாதவாரியாக எவ்வளவு விற்றது? அதே மூன்று ஆண்டுகளில் அந்தக் குடியிருப்பின் குடிநீருக்கும், சாக்கடைக்கும், பள்ளிக்கும், குடிநோய் சிகிச்சைக்கும் எவ்வளவு செலவானது? கேள்வியை அக்காவிடம் வாசித்துக் காட்டினோம். "பார்ல காலி பாட்டில் பொறுக்குற பசங்களுக்கு எவ்ளோ கூலின்னும் கேளு கண்ணு" என்றார். மூன்றாவதாக அதையும் சேர்த்திருக்கிறோம்.